கர்ப்பகாலப் பித்தத்தேக்கம்: ஆய்வுகள் கடந்து வந்த பாதை

கர்ப்பகாலப் பித்தத்தேக்கம் என்பது கருவுற்ற பெண்களுக்கு மட்டுமே வரும் ஒரு கல்லீரல் கோளாறு. பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தொடங்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி உடலெங்கும் பரவும் கடும் அரிப்பு இதன் முதல் அடையாளம். தோலில் தடிப்போ கொப்புளமோ இராது. சொறிந்த கீறல்கள் மட்டுமே இருக்கும். இரவில் அரிப்பு கூடும், தூக்கம் கெடும். இரத்தத்தில் பித்த அமிலங்களின் அளவு உயர்ந்திருக்கும். குழந்தை பிறந்த சில நாட்களிலோ சில வாரங்களிலோ அரிப்பும் போய்விடும், இரத்த அளவுகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

தாயின் உயிருக்கு இதனால் பொதுவாக ஆபத்து இல்லை. ஆனால் வயிற்றிலுள்ள குழந்தைக்கு உண்டு. குறைமாதத்தில் பிறக்கலாம், சிறு விழுக்காட்டினரிடையே, நேற்றுவரை நன்றாக அசைந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று வயிற்றிலேயே இறந்துவிடலாம். எந்தத் தாய்க்கு அந்த ஆபத்து இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைப் பிரித்தறிவதுதான் இந்த நோயைப் பற்றிய கடந்த இருபதாண்டு ஆய்வுகளின் மையக் கேள்வி. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதே.

நான் பணியில் இருந்த காலத்தில் உடன் பணியாற்றிய ஓர் ஆசிரியை எட்டாம் மாதத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மர அளவுகோலின் விளிம்பால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். “சூடு, டீச்சர். வேப்பிலை போட்டுக் குளிங்க, சரியாயிடும்” என்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். நானும் சொன்னேன். நல்லவேளையாக அவர் மருத்துவரிடம் போனார், குழந்தையும் நலமாகப் பிறந்தது. அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டென்று எனக்குத் தெரிந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

பித்தம் எங்கே தேங்குகிறது?

பித்தப்பையில் கல் அடைத்து வரும் தேக்கம் வேறு, இது வேறு. இங்கே குழாய் எதுவும் அடைபடவில்லை. கோளாறு கல்லீரல் செல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கல்லீரல் செல்கள் கொழுப்பிலிருந்து, அதாவது கொலஸ்ட்ராலிலிருந்து, பித்த அமிலங்களை உண்டாக்குகின்றன. செல்லின் ஒரு பக்கச் சவ்வில் இருக்கும் புரதப் பம்புகள் அவற்றை மிக நுண்ணிய பித்தக் கால்வாய்களுக்குள் தள்ளுகின்றன. அங்கிருந்து பித்தம் குடலுக்குப் போய் உணவிலுள்ள கொழுப்பைக் கரைக்க உதவுகிறது. வேலை முடிந்ததும் பித்த அமிலங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு, இரத்த வழியே மீண்டும் கல்லீரலுக்கு வந்துவிடுகிறது. ஒரே தண்ணீரைத் தொட்டியிலிருந்து எடுத்துத் திரும்பத் தொட்டிக்கே விடும் சுழற்சி போன்றது இது.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஆகிய ஹார்மோன்களும் அவற்றின் சிதைவுப் பொருட்களும் இரத்தத்தில் மிகுந்திருக்கும். இவை அந்தப் பம்புகளை மந்தப்படுத்துகின்றன. பெரும்பாலான பெண்களின் கல்லீரல் இதைத் தாங்கிக்கொள்ளும். பிறப்பிலேயே பம்பின் திறன் சற்றுக் குறைவாக உள்ளவர்களுக்குத்தான் அமிலம் செல்லில் தேங்கி இரத்தத்தில் கசிகிறது. இரட்டைக் கர்ப்பத்தில் ஹார்மோன் அளவு கூடுதல். அங்கே இந்நோயும் கூடுதல். கருத்தடை மாத்திரை சாப்பிட்டபோது இதே அரிப்பும் காமாலையும் வந்த பெண்கள் உண்டு என்பதும் ஹார்மோனைச் சுட்டும் சாட்சிதான்.

கண் மஞ்சளாவது இந்நோயில் சிறுபான்மையினருக்கு மட்டுமே. நம் ஊரில் மஞ்சள் தெரிந்தால்தான் கல்லீரல் நினைவுக்கு வருகிறது. அப்போதும் பலர் முதலில் கீழாநெல்லியைத்தான் தேடிப் போகிறார்கள். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஹெப்படைட்டிஸ் ஈ போன்ற தாயின் உயிரையே பறிக்கக்கூடிய வேறு நோய்களும் இருக்கலாம் என்பதால், வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்துவது தவறு.

பழைய பதிவுகள்

கர்ப்பம்தோறும் வந்து பிரசவத்தோடு மறையும் காமாலையை ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபெல்ட் 1883-இல் பதிவு செய்தார். பிறகு நெடுங்காலம் அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1950-களின் நடுப்பகுதியில் சுவீடனின் ஸ்வான்போர்க், தோர்லிங் ஆகியோர் இன்று நாம் அறிந்த வடிவில் நோயை விவரித்தனர்.

அடுத்த வியப்பு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சிலி நாட்டின் ஹும்பர்ட்டோ ரேயெஸ் குழுவினர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. அரௌக்கானியப் பழங்குடி மரபினரிடையே நான்கில் ஒருவருக்கும் மேல். உலகில் வேறெங்கும் இவ்வளவு இல்லை. ஆனால் அதே சிலியில் பின்வந்த பத்தாண்டுகளில் இந்த எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. ஒரு தலைமுறைக்குள் மரபு மாறிவிடாது. அப்படியானால் உணவோ சூழலோ காரணமாக இருக்க வேண்டும். உடலில் செலினியம் என்ற நுண்சத்து குறைவது பற்றிய கருத்து அப்போது எழுந்தது. குளிர்காலத்தில் நோய் கூடுதலாக வருவதையும் சிலியிலும் வட ஐரோப்பாவிலும் கண்டார்கள். இந்தப் புதிர் இன்னும் முழுதாக அவிழவில்லை.

இங்கிலாந்தில் ஆயிரம் கர்ப்பிணிகளில் 7 பேருக்கு இது வருகிறது. அங்கேயே வாழும் இந்திய, பாகிஸ்தானிய வழிவந்த பெண்களில் ஆயிரத்துக்கு 12 முதல் 15 பேர். சீனாவில் யாங்சி ஆற்றங்கரைப் பகுதிகளான சிச்சுவான், சோங்சிங் ஆகியவற்றில் மிகுதி. சீனாவிலிருந்து இந்நோய் பற்றி இன்று ஏராளமான ஆய்வுகள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சராசரி மறைத்த உண்மை

குழந்தை இறப்பு பற்றிய அச்சம் நெடுநாளாக இருந்தது. அதனால் பல நாடுகளில் இந்நோய் என்று தெரிந்ததுமே 37-ஆம் வாரத்தில் பிரசவ வலியை மருந்தால் வரவழைப்பது வழக்கமாயிற்று. எல்லாருக்கும் ஒரே விதி. அது தேவைதானா என்று முதலில் எண்களோடு கேட்டது சுவீடன்.

அன்னா கிளான்ட்ஸ் குழுவினர் மேற்கு சுவீடனில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைக் கண்காணித்து, நோயுள்ள 693 பேரை ஆராய்ந்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். பித்த அமிலம் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தவர்களின் குழந்தைகளுக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. அதற்கு மேலே போகப்போக ஆபத்து ஏறியது. பிரிட்டனில் விக்டோரியா கீன்ஸ் குழுவினர் 40-க்கு மேற்பட்ட கடுமையான நோயாளிகளை மட்டும் நாடு முழுவதும் திரட்டிச் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இறந்து பிறந்த குழந்தைகள் 1.5 விழுக்காடு, நோயற்றவர்களில் 0.5 விழுக்காடு.

ஆனாலும் இறந்து பிறத்தல் அரிய நிகழ்வு. ஒரு மருத்துவமனையோ ஒரு நாடோ திரட்டும் எண்ணிக்கை போதாது. அதனால் கரோலின் ஒவாடியா, கேத்தரின் வில்லியம்சன் ஆகியோர் பல நாட்டு ஆய்வாளர்களிடமிருந்து ஒவ்வொரு நோயாளியின் தனித்தனித் தரவையும் வாங்கி ஒன்றாகச் சேர்த்தனர். 2019-இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. ஒற்றைக் குழந்தைக் கர்ப்பங்களில் கிடைத்த எண்கள் இவை. மிக உயர்ந்த பித்த அமில அளவு 40-க்குக் கீழே இருந்த 2310 பேரில் 3 குழந்தைகள் இறந்து பிறந்தன. 40 முதல் 99 வரை இருந்த 1412 பேரில் 4. 100-ம் அதற்கு மேலும் இருந்த 524 பேரில் 18.

வகுப்பறையில் சராசரி கற்பித்தபோது இப்படியொரு எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காமல் போயிற்றே என்று இதைப் படித்தபோது நினைத்தேன். மூன்று குழுவையும் கலந்து பார்த்தால் 4246 பேரில் 25 இறப்புகள், நூற்றுக்கு 0.6-க்கும் சற்றுக் குறைவு. அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டால் எல்லாத் தாய்மாரையும் ஒரே அளவில் பயமுறுத்த வேண்டியதுதான். பிரித்துப் பாருங்கள்: எட்டில் ஒரு பங்குப் பெண்களிடம் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இறப்புகள் குவிந்திருக்கின்றன. மற்றவர்களின் ஆபத்து, நோயே இல்லாத பொது மக்களிடம் காணும் அளவை விடக் கூடுதலில்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்தப் பெண்களில் பலருக்கு முன்கூட்டியே பிரசவம் பார்க்கப்பட்டிருந்தது. குறைந்த அளவுள்ளவர்களின் நல்ல முடிவில் அதற்கும் பங்கு இருக்கலாம். இன்னொன்று, 35-இல் இருக்கும் அளவு இரண்டு வாரத்தில் 110 ஆகலாம். ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பதற்கு இந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அளக்கச் சொல்கிறது.

அரிப்பின் கடுமைக்கும் இந்த எண்ணுக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பது இங்கே முக்கியம். சொறிந்து புண்ணான பெண்ணுக்கு 25 இருக்கலாம். லேசான அரிப்போடு வந்தவருக்கு 100-ஐத் தாண்டியிருக்கலாம். அரிப்பு தாயை மருத்துவரிடம் அழைத்து வருகிறது. குழந்தையின் ஆபத்தைச் சொல்வது இரத்தப் பரிசோதனைதான்.

கருவின் இதயம்

குழந்தை ஏன் இறக்கிறது? இறந்த குழந்தைகள் பெரும்பாலும் வளர்ச்சி குன்றாதவை. நச்சுக்கொடியிலும் அதை விளக்கும் அளவுக்குக் குறை காணப்படுவதில்லை. குழந்தையின் இதயத் துடிப்பை வரைபடமாகக் காட்டும் கருவியும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. நேற்று எடுத்த வரைபடம் நன்றாக இருந்தது, இன்று துடிப்பில்லை என்பதுதான் இந்நோயில் மருத்துவர்களைத் திகைக்க வைப்பது.

2001-இல் வில்லியம்சன் குழுவினர் பிறந்த எலிக்குட்டிகளின் இதயத் தசைச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதில் டாரோகோலேட் என்ற பித்த அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தனர். அணிவகுப்பில் கால் மாறிய மாணவர்கள் போல, ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்த செல்கள் ஒத்திசைவை இழந்தன. தாயின் பித்த அமிலம் நச்சுக்கொடி வழியே கருவுக்குள் போய் இதயத் தாளத்தைக் குலைக்கலாம் என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. பின்னர் கர்ப்பிணிகளிடமே செய்த அளவீடுகளில், தாயின் பித்த அமிலம் மிகுந்தபோது கருவின் இதயம் சிரமப்படும் அடையாளங்கள் கிடைத்தன. நச்சுக்கொடியின் இரத்தக் குழாய்களைப் பித்த அமிலம் சுருங்கச் செய்கிறது என்ற ஆய்வும் உண்டு. இரண்டும் சேர்ந்தே நிகழலாம்.

கரடியின் பெயரைக் கொண்ட மருந்து

இந்நோய்க்கு முப்பது ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் மருந்து உர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம். ‘உர்சஸ்’ என்றால் லத்தீனில் கரடி. கரடியின் பித்தத்தில் மிகுந்திருப்பதால் இந்தப் பெயர். மாத்திரையாக வருவது தொழிற்சாலைத் தயாரிப்பு. இதுவும் ஒரு பித்த அமிலமே, ஆனால் செல்லுக்குத் தீங்கு செய்யாத வகை. 1990-களின் தொடக்கத்தில் சிலியில்தான் கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்தனர். இரத்த அளவுகள் சீரானதாகச் சிறு ஆய்வுகள் காட்டின, உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது.

குழந்தையைக் காக்கிறதா என்று கேட்க நெடுங்காலம் பிடித்தது. லூசி சாப்பெல் தலைமையில் இங்கிலாந்து, வேல்சின் 33 மருத்துவமனைகளில் 605 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இம்மருந்தும் மறு குழுவுக்கு அதே தோற்றமுள்ள மருந்தில்லா மாத்திரையும் தந்தனர். ‘பிட்சஸ்’ என்ற அந்தச் சோதனையின் முடிவும் 2019-இல் வந்தது. குழந்தை இறப்பு, குறைமாதப் பிறப்பு, குழந்தைகள் சிறப்புப் பிரிவில் சேர்க்கப்படுதல் ஆகிய மூன்றில் ஒன்றேனும் நிகழ்ந்தவர்கள் மருந்துக் குழுவில் 23 விழுக்காடு, மறு குழுவில் 27 விழுக்காடு. புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடு ஆகாது. அரிப்பும் 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 6 புள்ளிக்கும் குறைவாகவே தணிந்தது.

இதைப் படித்துவிட்டு மருந்தே வீண் என்று சொல்வோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அந்தச் சோதனையில் பெரும்பாலோருக்கு நோய் மிதமாகவே இருந்தது. 100-ஐத் தாண்டியவர்கள் சிலரே. ஆபத்து யாரிடம் குவிந்திருக்கிறதோ அவர்களைப் பற்றி அது அதிகம் சொல்லவில்லை. 2021-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இறந்து பிறத்தல் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் குலுக்கல் முறைச் சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது, குறைமாதப் பிறப்பும் இறப்பும் சேர்ந்த கணக்கில் ஓரளவு நன்மை தெரிந்தது. ஆகவே நாடுகள் இரண்டுபட்டு நிற்கின்றன. அமெரிக்காவின் தாய்-சேய் மருத்துவச் சங்கம் அரிப்புக்கான முதல் மருந்தாக இதையே பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் அரசக் கல்லூரி 2022-இல் வழக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்றது.

மாணவர்கள் கவனிக்க ஒன்று: இம்மருந்தே பித்த அமிலம் என்பதால், மொத்தப் பித்த அமிலத்தை அளக்கும் பரிசோதனை இதையும் சேர்த்தே எண்ணும். மருந்து சாப்பிடுபவரின் அளவைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குப் பித்தத்தேக்க அரிப்பைத் தணிக்கும் குணம் உண்டு; கடுமையாகத் தொடங்கும் நோயில் அதைச் சோதிக்க ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்டு ஆய்வு வகுக்கப்பட்டது. சிறுகுடல் பித்த அமிலத்தைத் திரும்ப உறிஞ்சாமல் தடுக்கும் புதுவகை மருந்துகள், குழந்தைகளின் மரபுவழிப் பித்தத்தேக்க நோய்களுக்கு 2021-இல் ஒப்புதல் பெற்றன. சுழற்சியை ஓரிடத்தில் அறுத்துவிடும் இந்த உத்தி கர்ப்பிணிகளுக்கும் உதவுமா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் இருக்கிறது.

அரிப்பும் மரபணுவும்

அரிப்புக்குப் பித்த அமிலம்தான் காரணம் என்று நெடுநாள் நம்பினர். அளவும் அரிப்பும் ஒத்துப்போகாததால் ஐயம் எழுந்தது. நெதர்லாந்தில் ஆய்வு செய்த ஆண்ட்ரியாஸ் கிரேமர் குழுவினர் 2010-இல் ஆட்டோடாக்சின் என்ற நொதியைச் சுட்டினர். அது உண்டாக்கும் ஒரு கொழுப்புப் பொருள் நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது. அந்நொதியின் அளவு அரிப்பின் கடுமையோடு ஒத்துப்போகிறது. புரோஜெஸ்ட்ரோனின் சல்பேட் வடிவங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வெறும் அரிப்பு மட்டும் உள்ள கர்ப்பிணிகளில் யாருக்குப் பின்னால் பித்தத்தேக்கம் வரும் என்பதை அவற்றைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முயல்கின்றனர்.

மரபணுப் பக்கம், 1999-இல் பிரான்சில் ஒரு குடும்பத்தில் ஏபிசிபி4 என்ற பம்பு மரபணுவின் பிறழ்வு கண்டறியப்பட்டது. பிறகு ஏபிசிபி11 முதலிய வேறு சிலவும் சேர்ந்தன. பீட்டர் டிக்சன் குழுவினர் 2022-இல் 1138 நோயாளிகளின் மரபுத்தொகுதியை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறரோடு ஒப்பிட்டு 11 இடங்களைக் குறித்தனர். தாய்க்கோ அக்காவுக்கோ இருந்தால் தங்கைக்கும் வரலாம் என்று ஊரில் அனுபவத்தால் சொல்வது இதனோடு ஒத்துப்போகிறது. ஒரு கர்ப்பத்தில் வந்தவருக்கு அடுத்ததிலும் வர வாய்ப்பு மிகுதி.

பிரசவத்தை எப்போது வைப்பது?

மேலே சொன்ன எண்கள் இப்போது நாட்காட்டியாக மாறியிருக்கின்றன. உணவு உண்ட பிறகு நலமான கர்ப்பிணிக்கும் பித்த அமிலம் சற்று ஏறும் என்பதால், 10 என்றிருந்த பழைய எல்லையை பிரிட்டன் 19 ஆக்கியது. 19 முதல் 39 வரை இருந்தால் 40-ஆம் வாரத்துக்குள், 40 முதல் 99 வரை இருந்தால் 38-39 வாரங்களில், 100-ம் மேலும் இருந்தால் 35-36 வாரங்களில் பிரசவம் என்பது அவர்களின் வழிகாட்டல். அமெரிக்கச் சங்கம் 100-க்கு மேல் இருந்தால் 36-ஆம் வாரம் என்றும், குறைவாக இருந்தால் 36 முதல் 39 வரை மருத்துவர் முடிவு செய்யலாம் என்றும் சொல்கிறது. அவசரமில்லாத குழந்தையை முன்கூட்டி வெளியே எடுத்தால் அதற்கு மூச்சுத் திணறலும் காமாலையும் பால் குடிப்பதில் சிரமமும் வரலாம். எல்லாருக்கும் 37 என்ற பழைய விதி எத்தனையோ குழந்தைகளைத் தேவையின்றிச் சிறப்புப் பிரிவுக்கு அனுப்பியது.

குழந்தை பிறந்ததும் கதை முடிவதில்லை. சுவீடனில் இந்நோய் வந்த 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்தபோது, பிற்காலத்தில் பித்தக் கல், ஹெப்படைட்டிஸ் சி உள்ளிட்ட கல்லீரல் நோய்கள் அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. பிரசவத்துக்குப் பின் சில வாரம் கழித்துக் கல்லீரல் பரிசோதனையை மீண்டும் செய்து அளவுகள் இறங்கிவிட்டனவா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். இறங்காவிட்டால் அது வேறு நோய்.

இந்தியாவிலிருந்து வரும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே மருத்துவமனையின் பதிவுகளைக் கொண்டவை. நம் சிற்றூர்களில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி பார்த்துவிடுவார்கள். பித்த அமிலப் பரிசோதனைக்கு இரத்தத்தைப் பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, செலவும் கூடுதல், முடிவு வர நாளாகும். முடிவு கைக்கு வராத இடத்தில் மருத்துவர் பழைய 37-ஆம் வார விதிக்கே திரும்புவதைக் குறைசொல்ல முடியாது. ஆகவே கடைசி மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்போடு வரும் பெண்ணை “சூடு” என்று அனுப்பிவிடாமல் அன்றே இரத்தம் எடுக்கச் சொல்வதும், குழந்தையின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திராமல் வரச் சொல்வதும் கிராம சுகாதாரச் செவிலியர் முதல் வீட்டுப் பெரியவர்கள் வரை எவரும் இன்றே செய்யக்கூடியவை.